ஒளி ஒரு ஆமை

ஒளியின் வேகம் எவ்வளவு? பள்ளிக்கூடம் முடித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று. சரி, அப்படியென்றால் என்ன? அங்கேதான் பேச்சு நின்றுவிடும்... "ரொம்ப வேகம்" என்பார்கள். ஒரே விநாடியில் பூமியை ஏழரை தடவை சுற்றிவிடும் என்று வாத்தியார் சொன்னது ஞாபகம் வரும். (நேராகப் போகிற ஒளி எப்படிச் சுற்றும் என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்!)

இந்த "ரொம்ப வேகம்"தான் பிரச்சனையே. ஒளி மெதுவானது என்று நினைக்க ஆரம்பித்தால்தான் அதன் வேகம் புரியும். இதற்கு பிசிக்ஸ் லேப் எல்லாம் தேவையில்லை. காமர்ஸ் மாணவர்களுக்குப் பழக்கமான பங்குச் சந்தையே போதும்.

அமெரிக்காவில் ஃப்யூச்சர்ஸ் வியாபாரத்தின் தலைநகரம் சிகாகோ. பங்குகள் கைமாறும் கம்ப்யூட்டர்கள் இருப்பதோ நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில். சிகாகோவில் விலை நகர்ந்தால் அடுத்த கணமே நியூஜெர்சியிலும் நகரும். அந்தச் செய்தியை முதலில் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு லாபம். இடையில் நேர்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். 3 லட்சத்தால் வகுத்தால் 4 மில்லி விநாடி. எத்தனை கோடி கொட்டினாலும் அதைவிடச் சீக்கிரம் ஒரு சேதியும் போய்ச் சேராது.

பழைய ஃபைபர் கேபிள்கள் ரயில் பாதையை ஒட்டி வளைந்து வளைந்து போயின. ஸ்ப்ரெட் நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனி பென்சில்வேனியா மலைகளைக் குடைந்து, முடிந்தவரை நேராக, சுமார் 1,330 கிலோமீட்டருக்கு ஒரு கேபிள் போட்டு 2010ல் திறந்தது. செலவு ஏறக்குறைய 30 கோடி டாலர். போய்த் திரும்ப 13 மில்லி விநாடி. மிச்சமானது 3 மில்லி விநாடி சொச்சம். கண் ஒருமுறை சிமிட்டவே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும்!

4ம் 4ம் 8தானே, ஏன் 13? சுற்றுப்பாதை ஒரு காரணம். பெரிய காரணம், கண்ணாடிக்குள் ஒளி தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்து, விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் அளவில்தான் போகிறது. காற்றில் அந்தத் தடை கிட்டத்தட்ட இல்லை. ஒளியின் உடன்பிறப்பான மைக்ரோவேவை டவர் டவராகத் தாண்டவிட்டு, சில வருடங்களிலேயே வேறு சிலர் எட்டரை மில்லி விநாடிக்கு வந்துவிட்டார்கள். மலையைக் குடைந்த கேபிளின் மவுசு போச்சு. 2018ல் அந்தக் கம்பெனியே சுமார் 12.7 கோடி டாலருக்குக் கைமாறியது. நேர்கோட்டில் போட்ட கேபிளுக்கு நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டிருந்தால் கணக்கு எங்கே உதைக்கும் என்று பி.காம் மக்கள் யோசிக்கலாம் :-)

இதனால் உலகத்துக்கு என்ன லாபம்? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது, சிறு முதலீட்டாளருக்கும் நல்லதுதானே என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மனிதர் கூவி விற்ற இடத்தில் கம்ப்யூட்டர் வந்ததற்கு அந்த வாதம் பொருந்தும். கடைசி 3 மில்லி விநாடிக்கு எப்படிப் பொருந்தும்? ஓய்வுக்காலத்துக்காகப் பங்கு வாங்கி வைக்கும் ஒருவருக்கு அந்த 3 மில்லி விநாடியால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. யார் முதலில் எடுப்பது என்ற சண்டைதான் அது.

இதற்கு வந்த பதிலும் ஒளியை வைத்தே வந்தது என்பதுதான் வேடிக்கை. 2016ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு ஆணையம் ஐ.இ.எக்ஸ் என்ற பங்குச் சந்தையை அங்கீகரித்தது. வரும் ஆர்டர்களை அவர்கள் ஒரு பெட்டிக்குள் சுருட்டி வைத்த சுமார் 61 கிலோமீட்டர் ஃபைபரில் ஓடவிடுகிறார்கள். ஆர்டர் 350 மைக்ரோ விநாடி தாமதமாகும். அதற்குள் சந்தை தன் விலைகளைப் புதுப்பித்துக்கொள்ளும். மற்றவர் தூங்கும்போது பிடுங்க வந்தவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். மலையைக் குடைந்ததைவிட இந்தச் சுருள் எவ்வளவோ புத்திசாலித்தனம்.

வகுப்பறையில் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது? அமெரிக்கக் கடற்படையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னோடி கிரேஸ் ஹாப்பர் தன் சொற்பொழிவுகளுக்கு வந்தவர்களிடம் ஒரு அடிக்குச் சற்றே குறைவான கம்பித் துண்டைக் கொடுப்பாராம். ஒரு நானோ விநாடியில் ஒளி போகும் தூரம் அது. நம் ஊரில் கம்பி கூட வேண்டாம், ஒவ்வொரு பையிலும் 30 சென்டிமீட்டர் ஸ்கேல் இருக்கிறது. ஒளி அதன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள், 3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் மூன்று முறை துடித்து முடித்துவிடும்.