இரண்டாவது மாரடைப்பைத் தடுக்க முடியாதா?

முதலாவது மாரடைப்பிலிருந்து உயிர் தப்பியவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது, கண்டம் நீங்கிவிட்டதென்று குடும்பத்தினர் ஆறுதலடைவது இயல்பே. ஆயினும், ஒரு தடவை மாரடைப்புக்குள்ளானவருக்கு அது மீண்டும் ஏற்படும் அபாயம் ஏனையோரை விட அதிகமென்பதும், முதல் வருடத்திலேயே அந்த அபாயம் உச்சமாகக் காணப்படுகின்றதென்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மைகளாகும்.

இந்த அபாயத்தைக் கணிக்கும் முறைகளும் இன்று உள்ளன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட 'ஸ்மார்ட்' முறை அவற்றுள் ஒன்றாகும். வயது, புகைத்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், சிறுநீரகத்தின் செயற்பாடு போன்றவற்றைக் கொண்டு அடுத்த 10 வருடங்களுக்கான அபாயத்தை அது மதிப்பிடுகின்றது. இவற்றுள் பெரும்பாலானவை எமது அரசாங்க வைத்தியசாலை கிளினிக்குகளிலும் அறியக்கூடியவையே.

எனினும், ஐரோப்பிய நோயாளரை வைத்து உருவாக்கப்பட்ட அளவுகோல் எமக்கு அப்படியே பொருந்துமென்று கொள்வதற்கில்லை. 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தெற்காசியத் தரவுகள் 2007 இல் வெளியாகின. இலங்கையையும் உள்ளடக்கிய இப்பிராந்தியத்தில் முதலாவது மாரடைப்பு சராசரியாக 53 வயதில், ஏனைய நாட்டவரை விட ஏறத்தாழ 6 வருடங்கள் முன்னதாகவே ஏற்படுவதை அவை உணர்த்தின. வயதுக்கு அதிக நிறை கொடுக்கும் கணக்கு, எமது நடுத்தர வயதினரின் அபாயத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். எனவே, எமது நோயாளரின் தரவுகளைக் கொண்டு அதனைச் சீர்செய்வது அவசியமாகும்.

ஆனால், கணிப்பு மாத்திரம் எவரையும் காப்பாற்றப் போவதில்லை. 17 நாடுகளில் மேற்கொள்ளப்பட்டு 2011 இல் வெளியான 'பியூர்' ஆய்வின்படி, குறைந்த வருமான நாடுகளில் இருதய நோய் அல்லது பாரிசவாதம் கண்டவர்களுள் சுமார் 80 வீதமானோர் அவசியமான மருந்துகளில் ஒன்றையேனும் உட்கொள்ளவில்லை. மறுபுறம், அஸ்பிரின் உள்ளிட்ட மூன்று மருந்துகளை ஒரே வில்லையில் வழங்கிய 'செக்கியூர்' ஆய்வில் பாரிய இருதய பாதிப்புகள் ஏறத்தாழ கால்வாசியால் குறைந்தமை 2022 இல் வெளிப்பட்டது. 2023 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இத்தகைய கூட்டு வில்லைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எமது வைத்தியசாலைகளில் நிலவிய மருந்துத் தட்டுப்பாட்டை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றாட உழைப்பில் வாழும் தோட்டத் தொழிலாளியோ மீனவரோ வெளியில் மருந்து வாங்குவது எளிதன்று. கிளினிக் செல்வதற்கே ஒருநாள் கூலியை இழக்க வேண்டியவர், நோவு இல்லாதபோது மருந்தைக் கைவிடுவதில் வியப்பில்லை.

நோயாளருக்கும் பொறுப்புண்டு. உடல் தேறிவிட்டதென்று மருந்தை நிறுத்துவதும் மீண்டும் புகைப்பதும் ஆபத்தை அழைப்பதாகும். நோன்பு நோற்க விரும்புவோர் மருந்து வேளைகளைத் தாமாக மாற்றாது, முன்கூட்டியே வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

அபாயம் கூடியவர்களை இனங்காண்பதும், கிளினிக் வராதவர்களைத் தேடிச் செல்வதும், மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்வதும் சுகாதாரத் துறையின் கடமையாகும். வருமெனத் தெரிந்த ஆபத்தைத் தடுக்காதிருப்பதை விதியென்று சொல்லித் தப்பிவிட முடியாது என்பதே எமது நிலைப்பாடாகும்.