பெரிய மோட்டார் சைக்கிளும் சிறிய பாதையும்

ஒருவன் தனக்கென்று ஊர்தியைத் தெரிந்தெடுக்கும் முறையிலிருந்தே, அவன் செல்லும் வழியை எவ்வளவு அறிந்திருக்கிறான் என்பது விளங்கும். பாலைநிலத்தார் ஒட்டகத்தையும், மலைநாட்டார் கோவேறு கழுதையையும், நமது உழவர் எருதையும் கைக்கொண்டது பெருமை கருதியன்று; நிலத்தின் இயல்பு கருதியே. எந்தப் பாரத்தை எந்த மண் தாங்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இக்காலத்து இளைஞராகிய நாமோ, வழியை அறியுமுன் வண்டியை விரும்புகிறோம். நமது கலாசாலை வாயிலில் நிற்கும் வண்டிகளையும், அவற்றைச் சூழ்ந்து நின்று மாணாக்கர் பேசும் பேச்சுகளையும் கவனிக்குங்கால் இவ்வெண்ணம் எனக்கு அடிக்கடி உண்டாகின்றது. அப்பேச்சில் இப்பொழுது முதலிடம் பெறுவது, தார்ச்சாலையிலும் காட்டுப் பாதையிலும் ஒருங்கே செல்லவல்லது எனப்படும் "அட்வெஞ்சர்" மோட்டார் சைக்கிள். அதனைக் குறித்து எனது அபிப்பிராயத்தை ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

இவ்வகை வண்டி தோன்றிய வரலாறு சுவையுடையது. ஜெர்மனியிலுள்ள பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1980-ஆம் ஆண்டில் ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியை வெளியிட்டனர். "ஜி" என்பது திறந்த நிலவெளியையும், "எஸ்" என்பது சாலையையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளாம். ஏறக்குறைய 800 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 50 குதிரைச் சக்தியும் உடைய அவ்வண்டி, அதுவரை தனித்தனியே இருந்த இரு வகைகளை ஒன்றாக்கிற்று. மறு ஆண்டே, 1981-இல், ஊபேர் ஓரியோல் என்னும் வீரர் பி.எம்.டபிள்யூ. மீதேறிப் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் வெற்றி பெற்றார். 1986 முதல் 1989 வரை நான்கு ஆண்டுகள் ஜப்பானிய ஹோண்டா அப்பந்தயத்தை வென்றது. அப்புகழிலிருந்து 1988-இல் "ஆப்பிரிக்கா ட்வின்" என்னும் வண்டி பிறந்தது. பாலைவனத்தில் பெற்ற புகழைப் பட்டணத்தில் விற்பது அன்று தொடங்கிய வாணிகம்.

அன்று தொடங்கியது இன்று எங்கு வந்து நிற்கின்றது? 2023-இல் வெளிவந்த ஆர் 1300 ஜி.எஸ். 145 குதிரைச் சக்தியும் 237 கிலோ எடையும் உடையது. நாற்பது ஆண்டுகளில் சக்தி ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. காட்டுப் பாதையோ அன்றிருந்த அகலத்திலேயே இருக்கின்றது. அதில் செல்லும் மனிதனுடைய புயங்களும் மும்மடங்கு வலிமை பெற்றுவிடவில்லை.

இப்பெரிய வண்டிகளின் குணங்களை மறைப்பது நேர்மையன்று. பி.எம்.டபிள்யூவின் எஞ்சினில் உருளைகள் இரண்டும் இருபுறமும் படுத்திருப்பதால் பாரம் தாழ்வாக நின்று வண்டி சமன்பெற்றுச் செல்லும். சங்கிலிக்குப் பதிலாகத் தண்டின் வழியே சக்தி பின்சக்கரத்துக்குச் செல்வதால், நெடும்பயணத்தில் சங்கிலியை இறுக்குவதும் எண்ணெயிடுவதும் இல்லை. ஆப்பிரிக்கா ட்வினின் சாதாரண வகையில் முன்சக்கரம் 21 அங்குலம். ஆகவே குழிகளின்மேல் எளிதாக ஏறிச் செல்லும். பி.எம்.டபிள்யூவுக்கு 19 அங்குலம்; ஆகவே தார்ச்சாலை வளைவுகளில் விரைந்து திரும்பும். டிரயம்ப், கே.டி.எம். முதலிய கம்பெனிகளும் இவற்றுக்கு இணையான வண்டிகளைச் செய்கின்றன. சக்கரம் வழுக்குவதையும் பிரேக் இறுகிப்போவதையும் தாமே உணர்ந்து திருத்தும் மின்னணுக் கருவிகள் இவற்றில் உண்டு. இருவர் அமர்ந்து, பெட்டி படுக்கைகளுடன், நாளொன்றுக்கு 600 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் செல்லவேண்டின் இவற்றினும் இனியதொன்று இல்லை. வினா அதுவன்று. பெயரில் பாதியாயுள்ள மண்பாதை என்னாயிற்று என்பதே வினா.

இதற்கு விடை தேட நாம் ஆப்பிரிக்காவுக்குச் செல்லவேண்டுவதில்லை. ஆவடிக்குச் சென்றாற் போதும். ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் டாங்கிகள் செய்யப்படுகின்றன. அவ்வூரிலேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த அர்ஜுன் டாங்கியின் எடை 58 டன்னுக்கு மேற்பட்டது. அத்துணைப் பாரமுள்ள அது சேற்றில் ஏன் புதைவதில்லை? அதன் பாரம் அகன்ற இரும்புப் பட்டைகளின்மேல் பரவி நிற்பதால், மண்ணின்மீது விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. மோட்டார் சைக்கிளோ உள்ளங்கையளவான இரண்டு இடங்களிலேயே நிலத்தைத் தொடுகின்றது. டயரில் 36 பவுண்டு காற்று அடைத்திருப்பின், அது மண்ணை அழுத்துவது ஏறத்தாழ சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோவாகும். அஃதாவது, டாங்கி செல்லும் சேற்றில் மோட்டார் சைக்கிள் புதையும்! காற்றைச் சிறிது இறக்கினால் டயர் பரந்து அழுத்தம் குறையும் என்பது உண்மையே. ஆயினும் பாரமான வண்டியில் அதிகம் இறக்கினால் கல்லில் மோதிச் சக்கரத்தின் விளிம்பு நெளியும். இலேசான வண்டியிலோ அவ்வச்சம் குறைவு. இது பௌதிக வகுப்பில் முதலாண்டு மாணாக்கனும் அறிந்த நியாயம். ஆனால் கடையில் வண்டியைக் காணும்பொழுது அவனுக்கு நினைவுக்கு வருவதில்லை.

இந்நியாயத்தை யான் கற்றது வகுப்பில் அன்று. ஆவடிக்கு அண்மையிலுள்ள வெள்ளானூரில். அப்பக்கத்தை அறிந்தவர்க்கு அதன் இருவகை இயல்பும் தெரியும். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை, ஆறு வழிகளோடு 62 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்பக்கமாகச் செல்கின்றது. அதினின்றும் இறங்கிச் சிறிது தூரம் சென்றால் ஏரிக்கரையும், வயல்வரப்பும், மழைக்காலத்தில் களிமண் குழைந்து நிற்கும் வண்டித்தடமும் எதிர்ப்படும். ஓர் ஐப்பசி மாதத்தில், நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய பெருவண்டியில் நாங்கள் இருவரும் அங்குச் சென்றோம். வெளிவட்டச் சாலையில் அது சென்ற அழகைச் சொல்லவும் வேண்டுமோ! காற்றில் மிதப்பது போலிருந்தது. "இனி இதன் மெய்யான திறமையைப் பார்" என்று கூறி, நண்பர் ஏரிக்கரைப் பாதையில் வண்டியைத் திருப்பினார்.

நூறு கஜம் சென்றிருப்போம். மனிதன் நடக்கும் வேகத்துக்கு மேல் இல்லை. முன்சக்கரம் தடத்தின் ஓரத்தில் சற்று வழுக்கிற்று. நண்பர் காலை ஊன்றினார். கால் சேற்றில் இறங்கிற்று. வண்டி மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது. எங்களுக்குக் காயமில்லை. ஆனால் 240 கிலோவை வழுக்குச் சேற்றில் நின்று தூக்க இருவரால் இயலவில்லை. அரைமணி நேரம் முயன்று, உடையெல்லாம் சேறாகி, செய்வதறியாது நின்றோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியார் அருகில் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, மாடாயிருந்தால் வாலை முறுக்கினால் எழுந்துவிடும், இதற்கு எதை முறுக்குவது?" என்றார். பின்னர் அவரே கூவியழைக்க, வயலிலிருந்து இருவர் வந்தனர். நால்வருமாகத் தூக்கி நிறுத்தினோம். கிளட்ச் பிடி முறிந்திருந்தது. அச்சிறு பாகம் வெளிநாட்டிலிருந்து வந்து சேரப் பதினேழு நாளாயின. அப்பதினேழு நாளும் அவ்வண்டி திண்ணையோரம் நின்றது. நண்பர் பஸ்ஸில் சென்றார். எங்களைக் கடந்து அன்று அதே பாதையில் பால்காரர் ஒருவர் தமது பழைய நூறு சி.சி. வண்டியில், இருபுறமும் பாற்பாத்திரம் தொங்க, இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு சென்றார் என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும்.

"ஓட்டத் தெரியாதவன் விழுந்தால் வண்டி என் செய்யும்?" என்று கேட்பர் சிலர். நியாயமான கேள்வியே. ஆகவே ஓட்டத் தெரிந்தவர்கள் என்ன செய்கின்றனர் என்று பார்ப்போம். பெருவண்டிகளுக்குப் புகழ் தேடித் தந்த அந்த டக்கார் பந்தயத்திலேயே, அபாயம் மிகுந்தமை கண்டு, 2011 முதல் மோட்டார் சைக்கிளின் கொள்ளளவை 450 கன சென்டிமீட்டருக்குள் அடக்கிவிட்டனர். 2024-இல் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா, டி.வி.எஸ். கம்பெனியின் துணைபெற்ற ஷெர்கோ வண்டியில், அப்பந்தயத்தின் "ராலி 2" பிரிவில் முதல்வராக வந்தார். அவ்வெற்றியைப் பெற்ற இந்தியர் அவருக்கு முன் ஒருவரும் இலர். அவர் ஏறிய வண்டியும் அவ்வரம்புக்கு உட்பட்டதே. உலகின் தேர்ந்த வீரர்களே கைவிட்ட பாரத்தை, வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டும் நாம் ஏன் சுமத்தல் வேண்டும்?

இன்னும் இரண்டு உதாரணங்கள் கூறுவேன். 1973 முதல் 1977 வரை டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் உலகைச் சுற்றி வந்தார். அவர் ஏறிச் சென்றது 500 சி.சி. டிரயம்ப், அதுவும் சாதாரணச் சாலை வண்டி. 2004-இல் ஈவன் மக்ரெகர், சார்லி பூர்மன் என்னும் நடிகர் இருவர், படப்பிடிப்பாளர் ஒருவருடன், பி.எம்.டபிள்யூவின் பெருவண்டிகளில் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். மங்கோலியாவில் படப்பிடிப்பாளரின் வண்டி முடங்கியபொழுது, அங்கேயே கிடைத்த இஷ் பிளானெட்டா என்னும் சிறிய ருஷ்ய வண்டியொன்றை வாங்கி அவருக்குக் கொடுத்தனர். உடைந்தால் ஊர்க்கொல்லனே பழுது பார்க்கக்கூடிய வண்டி அது. அவர்களது பயணத்தால் பெருவண்டியின் விற்பனை உலகெங்கும் பெருகியது. அச்சிறுவண்டி கற்பித்த பாடத்தை நினைப்பார் சிலரே.

நிற்க. நமக்கு ஏற்றது எது? வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. நம்மைச் சுற்றியே தொழில் வளர்ந்திருக்கின்றது. 1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு ஆலை தொடங்கிற்று. "அட்வெஞ்சர்" என்னும் பெயர் பிறக்குமுன்னரே அங்குச் செய்த புல்லட் வண்டிகள் இராணுவத்தாருடன் எல்லைப்புறங்களுக்குச் சென்றுவந்தன. அக்கம்பெனியே 2016-இல் 411 சி.சி. உடைய ஹிமாலயனையும், 2023-இல் 452 சி.சி. உடைய புதிய ஹிமாலயனையும் வெளியிட்டது. பின்னதற்கு 40 குதிரைச் சக்தி, 196 கிலோ எடை, 21 அங்குல முன்சக்கரம், தரைக்கு மேல் 230 மில்லிமீட்டர் இடைவெளி. இவ்வெண்களை 1980-ஆம் ஆண்டின் 50 குதிரைச் சக்தியோடு ஒப்பிட்டால், அவ்வகையின் தொடக்கக் கருத்துக்கு இதுவே அணித்தானது என்பது புலப்படும். புனேயை அடுத்த சாக்கனில் செய்யப்பட்டு 2020-இல் வந்த கே.டி.எம். 390 அட்வெஞ்சருக்கு 43 குதிரைச் சக்தி; முன்சக்கரம் 19 அங்குலம்; ஆகவே அது மண்ணைவிடத் தாருக்கே உரியது. 2018-இல் ஓசூர் டி.வி.எஸ். ஆலையில் செய்து வெளியிட்ட பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ்ஸும் அத்தன்மையதே. ஹீரோ கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200, 2019-இல் வந்தது. சக்தி குறைவு, ஏறக்குறைய 19 குதிரைதான். எடையோ 160 கிலோவுக்கும் உட்பட்டது. நெடுஞ்சாலையில் அது மூச்சுவாங்கும். ஏரிக்கரையில் அது துள்ளிச் செல்லும். விழுந்தால் ஒருவனே தூக்கி நிறுத்தலாம்.

பணத்தைப் பற்றியும் பேசாமல் இருத்தல் தகாது; ஏனெனில் அப்பணம் பெரும்பாலும் நம்முடையதன்று, நம் தந்தையருடையது. ஆர் 1300 ஜி.எஸ். 2024-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபொழுது அதன் கடைவிலை 20 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய். புதிய ஹிமாலயன் தொடக்கத்தில் 2 லட்சத்து 69 ஆயிரம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 40 சதவீதமாகவும், அதற்குட்பட்டவற்றுக்கு 18 சதவீதமாகவும் ஆயிற்று. பெருவண்டியின் விலையில் ஒரு சிறிய வண்டியும், அதில் தேசம் முழுதும் பன்முறை சுற்றிவரும் பெட்ரோலும், இன்னும் ஒரு தங்கையின் படிப்பும் அடங்கும். கடன் வாங்கி வண்டி வாங்குவோன், தவணை கட்டும் கவலையால், அதனைச் சேற்றில் இறக்கவும் அஞ்சுவான். கீறல் விழும் என்று மண்பாதைக்கே போகாத மண்பாதை வண்டிகளை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றினும் பெரியது உயிர். வேகம் இருமடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பது எல்லா வண்டிக்கும் பொது. பெருவண்டியில் வேகம் தெரியாமலே ஏறிவிடுகின்றது என்பது அதற்குச் சிறப்பான அபாயம். ஆடும் மாடும் குழந்தைகளும் குறுக்கிடும் ஊர்ச்சாலையில் 145 குதிரைகளை அவிழ்த்துவிடுதல் வீரமன்று. தலைக்கவசமும் முறையான பயிற்சியும் இன்றி, வண்டியின் கருவிகளே காக்கும் என்று நம்புவது அதனினும் பேதைமை. கருவி வழுக்கலைத் திருத்தும். ஓட்டுபவனுடைய செருக்கைத் திருத்தாது.

ஆதலின் என் முடிவு இது. நல்ல பொருளும், முதிர்ந்த பயிற்சியும், நெடுஞ்சாலைப் பயணமே நோக்கமும் உடையார் பெருவண்டி வாங்குக. அவர்க்கு அது தகும். அதனைச் சாலை வண்டி என்றே கருதுக. சாலையும் மண்ணும் இரண்டும் வேண்டுவோர் 400 சி.சி. அளவில் நிற்க. ஓட்டக் கற்றுக்கொள்ளும் மாணாக்கர் அதனினும் இலேசானதில் தொடங்குக. வாங்குமுன் ஒன்று செய்க: கடையிலேயே வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்கச் செய்து, தனியாகத் தூக்கி நிறுத்திப் பார்க்க. இயலுமாயின் வாங்குக, இயலாதாயின் வணக்கம் கூறி வருக.

உலகம் அகன்றது, அதைக் காணும் ஆசை நல்லது. ஆனால் அவ்வாசைக்குப் பெருவண்டி இன்றியமையாததன்று. இருக்கும் வண்டியைச் செப்பனிட்டு, ஒரு விடியற்காலையில் வெள்ளானூர் ஏரிக்கரைக்கே முதலில் சென்று வாருங்கள். அவ்வழி உங்களுக்கு வேண்டுவது எதுவென்று எந்த விளம்பரத்தினும் தெளிவாகக் கூறும். வழியில் அந்த மூதாட்டியாரைக் கண்டால், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.