பழைய படகு மோட்டார்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? விடை 60 ரூபாயில் இருக்கிறது

2023 ஜூலை 7 அன்று தாக்கல் செய்யப்பட்ட கர்நாடக பட்ஜெட்டில், பெரிதாகப் பேசப்படாத ஓர் அறிவிப்பு இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சின்களை பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சின்களாக மாற்றும் மீனவர்களுக்கு, எஞ்சின் ஒன்றுக்கு 50,000 ரூபாய் மானியம். பட்ஜெட்டை வாசித்தவர் முதல்வர் சித்தராமையா, மைசூரு மாவட்டம் வருணா தொகுதியின் எம்.எல்.ஏ. கடலே இல்லாத மாவட்டத்துக்காரர், கடற்கரைக்காக எடுத்த முடிவு இது.

மைசூருவில் ஐ.டி. வேலை பார்க்கும் உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பழைய பைக்கை வைத்துக்கொள்வதா, மின்சார ஸ்கூட்டருக்கு மாறுவதா என்று நீங்கள் போடும் அதே கணக்குதான் இது. ஒரே வித்தியாசம், இங்கே கணக்கு தப்பினால் ஒரு குடும்பத்தின் அடுத்த சீசனே போய்விடும்.

அவுட்போர்டு மோட்டார் என்றால்?

படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டி, தேவைப்பட்டால் கழற்றி எடுத்துவிடக்கூடிய எஞ்சின். தட்சிண கன்னடா, உடுப்பி, உத்தர கன்னடா மாவட்டங்களின் சிறு படகுகளிலும், தமிழ்நாட்டு நாட்டுப் படகுகளிலும் இதைப் பார்க்கலாம். இவற்றில் நிறைய, டூ-ஸ்ட்ரோக் வகை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

டூ-ஸ்ட்ரோக்கின் பலம், எளிமை. பாகங்கள் குறைவு, எடை குறைவு, உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். பலவீனம், வீணடிப்பு. கார்புரேட்டர் வைத்த பழைய மாடல்களில், ஊற்றும் எரிபொருளில் 25 முதல் 30% வரை எரியாமலேயே புகையோடு தண்ணீருக்குள் போய்விடும். கூடவே கலந்து ஊற்றிய ஆயிலும் போகும். அமெரிக்கா 1996-லேயே அவுட்போர்டு மோட்டார்களுக்கு புகை விதி கொண்டுவந்தது. அங்குள்ள டாஹோ ஏரியில் 1999 முதல் இந்தப் பழைய வகைக்குத் தடை. டூ-ஸ்ட்ரோக்கை மேம்படுத்திக் கடைசிவரை விற்றுவந்த எவின்ரூட் நிறுவனமும் 2020-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

அப்போ, உடனே மாற்றிவிட வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின், பழையதைவிட 40% குறைவாகக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். பழைய மோட்டார் 1 லிட்டர் மண்ணெண்ணெயில் போகும் தூரத்துக்கு, புதியதற்கு 0.6 லிட்டர் பெட்ரோல் போதும். அதாவது 60 ரூபாய்.

தலைப்பில் சொன்ன எண் இதுதான். மண்ணெண்ணெய் 60 ரூபாய்க்கு மேல் என்றால், மாற்றினால் எரிபொருள் செலவு குறையும். 60-க்குக் கீழே என்றால் கூடும். எஞ்சின் எவ்வளவு நல்லது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்போது இரண்டு படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஆண்டுக்கு 3,700 லிட்டர் மண்ணெண்ணெய் செலவழிக்கின்றன.

முதல் படகு தமிழ்நாட்டில். அங்கே மீனவர்களுக்கு அரசு லிட்டர் 25 ரூபாய்க்கு மண்ணெண்ணெய் கொடுக்கிறது. ஒரு படகுக்கு ஆண்டுக்கு 3,400 லிட்டராக இருந்த அளவு, 2023 ஆகஸ்டில் 3,700 ஆக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. ஆண்டுச் செலவு 92,500 ரூபாய். பெட்ரோலுக்கு மாறினால் 2,220 லிட்டர், 2,22,000 ரூபாய். குறைவாகக் குடிக்கும் எஞ்சினை வாங்கியும் ஆண்டுக்கு 1,29,500 ரூபாய் கூடுதல் செலவு!

இரண்டாவது படகு, மானியம் கிடைக்காத இடத்தில். மண்ணெண்ணெயும் 100 ரூபாய் என்று வையுங்கள். இது மிகையில்லை, கேரளாவில் ரேஷன் மண்ணெண்ணெயே 2022-ல் 100 ரூபாயைத் தாண்டியது. ஆண்டுச் செலவு 3,70,000 ரூபாய். மாறினால் 2,22,000. மிச்சம் 1,48,000. புது எஞ்சின் 2.5 லட்சம், மானியம் 50,000 போனால் 2 லட்சம். ஏறக்குறைய 16 மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

ஒரே மோட்டார், ஒரே கடல், ஆனால் இரண்டு விடைகள்.

விலை ஏன் இப்படி மாறியது?

2016 முதல் ரேஷன் மண்ணெண்ணெய் விலையை மத்திய அரசு படிப்படியாக, லிட்டருக்கு 25 பைசா வீதம் ஏற்றிக்கொண்டே போனது. 2020-ல் மானியம் இல்லாத நிலை வந்தது. மாநிலங்களுக்கான ஒதுக்கீடும் வருடா வருடம் சுருங்கியது. வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்பது இதற்கான காரணம். ஆனால் கேஸ் சிலிண்டர் அடுப்புக்குத்தான் பதில், படகுக்கு இல்லை.

எனவே "மாற்றுவதா?" என்ற கேள்வியை மீனவர் தானாகக் கேட்கவில்லை, எரிபொருள் கொள்கை அவரைக் கேட்க வைக்கிறது. மானியம் தரப்படும் விதத்தையும் கவனியுங்கள். மண்ணெண்ணெய் மானியம் லிட்டருக்கு லிட்டர் வரும். எஞ்சின் மானியம் ஒரே தடவை. அதன் பிறகு பெட்ரோல் விலை ஏறினால் அது மீனவரின் பாடு. கர்நாடகாவும் தமிழ்நாடும் மீன்பிடிப் படகுகளின் டீசலுக்கு விற்பனை வரி விலக்கு தருகின்றன. பெட்ரோலுக்கு மாறுபவர்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதே அடுத்து கேட்க வேண்டிய கேள்வி.

மைசூரு பக்கம் இதே கணக்கு செல்லுமா?

செல்லாது. கபினி அணையின் பின்நீரில் சஃபாரி படகுகள் ஓடுகின்றன. மைசூரு நகரின் குடிநீரில் ஒரு பங்கு கபினி ஆற்றிலிருந்துதான் வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் லிட்டர் கணக்கைவிட, தண்ணீரில் கலக்கும் ஆயிலும் யானைகளை மிரட்டும் சத்தமும்தான் பெரிய செலவு. இங்கே பழைய டூ-ஸ்ட்ரோக் எவ்வளவு நன்றாக ஓடினாலும் மாற்றுவதே சரி. சூரிய மின்சாரத்தையும் யோசிக்கலாம். கேரளாவின் வைக்கம்-தவணக்கடவு பாதையில் 75 பேர் பயணிக்கும் 'ஆதித்யா' படகு 2017 முதல் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் குறித்த தூரம், குறித்த நேரம் என்பதால் அது சாத்தியமானது. மீன் இருக்கும் இடம் தேடி அலையும் படகுக்கு பேட்டரி இன்னும் ஈடாகவில்லை. பக்கத்தில் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தில் இன்னும் துடுப்புப் படகுதான், அங்கே இந்தக் கேள்வியே இல்லை.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ யாராவது இந்த முடிவில் இருந்தால்...

• முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10%-க்குள் இருந்தால், எஞ்சினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தண்ணீர் பம்பின் இம்பெல்லர், கார்புரேட்டர் கோளாறுக்காக மோட்டாரையே தூக்கிப்போட வேண்டாம்.

• பழுதுச் செலவு மோட்டாரின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினாலோ, உப்பு அரித்து அடிப்பாகம் விரிசல் விட்டிருந்தாலோ, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்றாலோ, மாற்றுவதே நல்லது.

• அதே குதிரைத்திறனில் ஃபோர்-ஸ்ட்ரோக் எடை கூடுதல். தினமும் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து கரையேறுபவர், வாங்கும் முன் தூக்கிப் பார்க்க வேண்டும்.

• பிரதமரின் மீன்வள திட்டத்தில் தனிநபர் உதவிகளுக்கு பொதுப் பிரிவினருக்கு 40%, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60% வரை மானியம் உண்டு. எஞ்சினுக்கு இந்த ஆண்டு எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, அனுமதி கைக்கு வந்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

கடைசியாக, 60 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர் பெட்ரோல் விலையை 0.6-ஆல் பெருக்குங்கள். வரும் எண்ணைவிட மண்ணெண்ணெய் விலை குறைவாக இருக்கும்வரை, பழைய மோட்டாரைப் பழுது பார்த்து ஓட்டும் மீனவரைப் பார்த்து "மாற மாட்டேங்கிறாங்க" என்று சொல்லாதீர்கள். அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.