கிளம்புவதற்கு ஒரு சலுகை

ஸ்பானிஷ் இலக்கணத்தில் ஏவல் வினைகளின் பக்கத்தைப் புரட்டினால் எனக்கு 2017 ஜூலைதான் ஞாபகத்துக்கு வரும். நெருக்கமான நாலு பேரைப் பார்த்து ‘கிளம்புங்கப்பா’ என்று சொல்ல, இலக்கணம் விதித்த வடிவம் ‘ஈதோஸ்’. உட்காருவது, எழுந்திருப்பது என்று இதே வகை வினைகளெல்லாம் அந்த இடத்தில் ‘த’ ஓசையை உதிர்த்துவிடும். இது மட்டும் விடாப்பிடியாக வைத்திருக்கிறது. ஸ்பெயின்காரர்கள் வீட்டிலும் தெருவிலும் சொல்வதோ ‘ஈரோஸ்’. அந்த ஜூலையில் ராயல் ஸ்பானிஷ் அகாடமி அதையும் ஏற்றுக்கொண்டது. செய்தியை ட்விட்டரில் போட்டுடைத்தவர் நாவலாசிரியர் ஆர்துரோ பெரெஸ் ரெவெர்தே, அகாடமியின் உறுப்பினர். மொழியே கெட்டுவிட்டது என்று சிலர் குதித்தார்கள். (எந்த ஊரில்தான் குதிக்கவில்லை?) நான் ரசிப்பது அகாடமியின் கஞ்சத்தனத்தை. சலுகை இந்த ஒரு வினைக்கு மட்டும்தான். உட்காரச் சொல்லும்போது அதே ‘ர’வைப் போட்டால் இன்றும் பிழை. புதிதாகப் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். மெக்ஸிகோவிலோ பெருவிலோ பேசப் போகிறீர்கள் என்றால் இந்த வழக்கே உங்களுக்கு இல்லை. அங்கே எல்லாருக்கும் ‘பாயன்சே’தான்.