முதல் சோறு

ஏரியூரிலிருந்து பெங்களூருக்குக் குடிபோனோம். பென்னாகரம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மினி லாரி ஓட, முன்சீட்டில் அத்தை. மடியில் ஒரு குடம் தண்ணீர். "புது ஊர்ல மொதல் சோறு நம்ம தண்ணியிலதான்!"

அத்திப்பள்ளி தாண்டியதும் நெரிசல். வாடகை வீட்டை அடையும்போது இருட்டிவிட்டது. குடத்தில் பாதி அத்தையின் புடவையில்! மீதி, குழந்தைகளின் தாகத்துக்குச் சரியாகப் போனது. குழாயைத் திறந்தால் போர்வெல் தண்ணீர், ஒரே உப்பு. அத்தை அரிசியைக் களையாமல் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு குடத்தோடு வந்தார். "காவேரி நீரு" என்றார். அத்தை எழுந்து உலை வைத்தார்.

தருமபுரி மாவட்டத்துக்கு 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். பெங்களூருக்கோ 1974 முதலே, சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து குழாயில் மேடேறி வருகிறது காவிரி. இரண்டும் ஒரே ஆறுதான். ஆனால், இங்கே எல்லா வீட்டுக்கும் அது வருவதில்லை. வீடு பார்க்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் பேசும் முன், "காவேரி கனெக்‌ஷன் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் அத்தை கிண்டிய கேழ்வரகுக் களி பக்கத்து வீட்டுக்குப் போனது. "ஓ, முத்தே!" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார் அந்த அம்மா.