வலுவைக் கூட்டுமுன்

1989 இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரின் 2.6 லீற்றர் இயந்திரத்துக்கு இரண்டு டர்போக்கள். அறிவிக்கப்பட்ட வலு 280 குதிரைவலு. அது ஜப்பானிய நிறுவனங்கள் 2004 வரை தமக்குத்தாமே விதித்திருந்த உச்சவரம்பு, இயந்திரத்தின் எல்லையன்று. டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் வலு எளிதில் ஏறும். அதனால் பலரும் முதலில் அங்கேதான் கைவைக்கின்றனர்.

ஆனால், அந்த டர்போவின் வெளியேற்றப் பக்கச் சுழலி பீங்கானாலானது. அழுத்தம் மிஞ்சினால் உடைந்துவிடும். எரிபொருள் போதாவிட்டால் பிஸ்டனும் உருகும். முப்பது வருடங்கள் கடந்த இறப்பர்க் குழாய்களும் பிரேக்கும் பழைய வேகத்துக்கே ஈடுகொடுக்குமோ என்பது ஐயம்.

என்னைக் கேட்டால், முதற்பணம் பிரேக்குக்கும் குளிரூட்டலுக்கும், மிஞ்சுவதே வலுவுக்கு. இயந்திரம் சிதறினால் நட்டம் உரிமையாளருக்கு. கார் நிற்க மறுத்தாலோ, விலை கொடுப்பவர் வீதியில் நடந்து செல்பவர்.