வீசாத் திகதியும் காசோலைத் திகதி போலத்தான்

எமது வியாபாரிகளில் எவரும் தாம் கொடுத்த காசோலையின் திகதியை மறப்பதில்லை. காசோலை திரும்பினால் மறுநாள் புறக்கோட்டையில் கடனுக்குச் சாமான் கிடைக்காது. ஆனால் கடவுச்சீட்டிலுள்ள வீசாத் திகதியை மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம்.

ஹட்டனில் எனது கடையில் ஆறு வருடம் வேலை செய்த தம்பி ஒருவர் 2023 இல் விசிட் வீசாவில் டுபாய் போனார். டிக்கெட்டுக்குச் சல்லி கொடுத்தவன் நான்தான். "போய்ச் சேர்ந்தால் வேலை கிடைக்கும், வீசாவைப் பிறகு மாற்றலாம்" என்று முகவர் சொன்னதை நானும் நம்பினேன். 60 நாட்கள் முடிந்தன. வேலை கிடைத்தது, வீசா மாறவில்லை. வீசா இல்லாதவர் என்பதால் பேசிய சம்பளத்தில் பாதிதான் கொடுத்தார்கள். அவரால் எங்கும் முறையிட முடியவில்லை. "வரவும் ஏலா, ஈக்கவும் ஏலா நானா" என்று ஒருநாள் தொலைபேசியில் அழுதார்.

கணக்கைப் பாருங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் தவணை கடந்து தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். மாதத்துக்கு 1,500. தம்பி 14 மாதங்கள் மேலதிகமாகத் தங்கியதால் அது 21,000 திர்ஹத்தைத் தொட்டது. அன்றைய பெறுமதியில் சுமார் 16 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2024 செப்டம்பரில் அந்நாட்டில் பொதுமன்னிப்பு தொடங்கியது. அபராதமும் இல்லை, மீண்டும் நுழையத் தடையும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அதில் தம்பி ஊர் வந்து சேர்ந்தார். அந்த மன்னிப்பு 2024 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. அடுத்தது எப்போது வருமென்று நம்பிக் காத்திருப்பது வியாபாரமல்ல, சூதாட்டம்.

சட்டமும் இறுகிவிட்டது. 2024 இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை அபராதம். நேர்மையான முதலாளி எவர் இனி விசிட் வீசாக்காரருக்கு வேலை கொடுப்பார்? சவூதியில் தவணை கடந்து தங்குபவருக்கு 50,000 ரியால் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, பின்னர் நாடு கடத்தல். உம்ராவுக்குச் சென்று தங்கிவிட நினைப்பவர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும்.

காகிதத்தின் பலத்தை மலையகத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற தோட்டத் தொழிலாளர்களில் பலர், 1984 இல் தலைமன்னார் கப்பல் நின்றதால் இங்கேயே தங்கிவிட்டார்கள். பிறந்த மண்ணிலேயே அந்நியரானார்கள். 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம்தான் அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. அவர்கள் மீது அந்த நிலை சுமத்தப்பட்டது. நாமோ அதைச் சல்லி கொடுத்து வாங்குகிறோம்.

வீசா என்பது ஒரு நாட்டுடன் நாம் செய்யும் உடன்படிக்கை. ஸூரதுல் மாஇதா, உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி கட்டளையிட்டே தொடங்குகிறது. வியாபாரத்தில் பேணும் அந்த ஒழுங்கைப் பயணத்திலும் பேணுவோம்.

சாமான் வாங்கப் போகிறவர், வீசா முடிய ஐந்து நாளாவது மிச்சமிருக்கும்படி திரும்பும் டிக்கெட்டைப் போடட்டும். தாமதம் ஏற்படுமென்று தெரிந்தால், திகதி முடியுமுன்பே நீடிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். வேலைக்குப் போகிறவர் வேலை வீசாவுடன், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போகட்டும்.

அந்தத் தம்பி இப்போது மீண்டும் என் கடையில்தான் இருக்கிறார். டிக்கெட் கடனை நான் கேட்கவில்லை, அதில் பாதித் தவறு என்னுடையது. இனி எவராவது டிக்கெட்டுக்குக் கடன் கேட்டு வந்தால், முதலில் வீசாவை வாங்கிப் பார்ப்பேன்.